தவணை கட்ட முடியாதபோது முதலில் எங்கே போவது? ஒரு வில்லாபுரம் குடும்பத்தின் கணக்கை வைத்து ஓர் ஒப்பீடு

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து எதிரே உட்கார்ந்தார்கள். அந்த அம்மா மடியில் வைத்திருந்த மஞ்சள் துணிப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். ஃபைனான்ஸ் கம்பெனியின் தவணை அட்டை, மகளிர் குழுக் கடன் அட்டைகள் இரண்டு, அடகு ரசீது, நாலாக மடித்த கிரெடிட் கார்டு பில், இவற்றுக்கு நடுவே பூக்கட்டும் நார் ஒரு சுருள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியுமுன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றினால் மதியம் வரை ஓட்டம். மனைவி தையல் யூனிட்டுக்குப் போகிறார், மாலையில் பூக்கட்டுகிறார்.

"மொத்தம் எவ்வளவு கடன் இருக்கும் தம்பி?" என்று கேட்டேன்.

"நாலு லட்சம் இருக்கும் சார்."

அவர் முகத்தைப் பார்க்காமலே மனைவி சொன்னார்: "அஞ்சுக்கு மேல இருக்கும் சார்."

நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினோம். 6,54,000 ரூபாய் வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடன் ஆலோசனைக்கு வருகிற பெரும்பாலோர் தங்கள் கடன் எவ்வளவு என்று தெரியாமல்தான் வருகிறார்கள். கணவருக்குத் தெரியாத கடன் மனைவியிடமும், மனைவிக்குத் தெரியாத கடன் கணவரிடமும் இருக்கும்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன்பிறகு சில வருடங்கள் கடன் ஆலோசகராக உட்கார்ந்தேன். இங்கே சொல்வது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. இரண்டு மூன்று குடும்பங்களின் கணக்கைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கடனில் மூச்சு முட்டுகிறவர் முன்னால் இருக்கும் வழிகளை இந்தக் கணக்கிலேயே போட்டுப் பார்த்தால், எது எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளங்கும்.

முதலில் கணக்கு. லோடு ஆட்டோ கடனில் பாக்கி 1,90,000, மாதத் தவணை 9,200. தனிநபர் கடன் 1,60,000, தவணை 6,400. கிரெடிட் கார்டு 72,000, குறைந்தபட்சத் தொகையாகக் கட்டுவது 3,600. குழுக் கடன் இரண்டும் சேர்ந்து 62,000, தவணை 2,600-ம் 2,900-மாக 5,500. மூன்று பவுன் அடகில் 1,20,000, மாத வட்டி 1,800. கடைசியாக, தெருவில் வாங்கிய பத்து வட்டி: 50,000-க்கு மாதம் 5,000. ஆக மாதம் 31,500 கட்ட வேண்டும். இரண்டு பேர் வருமானமும் சேர்த்து 37,000. வீட்டு வாடகை 5,500. கூட்டிப் பாருங்கள், சரியாக 37,000 ஆகிறது. அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. அப்படியானால் இத்தனை மாதம் எப்படிச் சாப்பிட்டார்கள்? கார்டில் எடுத்து, கைமாத்து வாங்கி, வட்டிக்கு வாங்கி வட்டி கட்டி.

கார்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இது பலருக்கும் புரிவதில்லை. 72,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,520. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, ஏறக்குறைய 454. இவர்கள் கட்டும் 3,600-ல் அசலில் கழிவது 625 ரூபாய் சுமார்தான். "மாசாமாசம் ஒழுங்காக் கட்டுறோம் சார், ஆனா குறையவே மாட்டேங்குது" என்று அந்த அம்மா சொன்னதற்குக் காரணம் இதுதான். பத்து வட்டி இதைவிட மோசம். 14 மாதம் 5,000 வீதம் 70,000 கட்டியாயிற்று. அசல் 50,000 அப்படியே நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கடனாக்குவது

கணவர் மனதில் முதலில் இருந்த வழி இதுதான். யாரோ போனில் பேசி, "எல்லாத்தையும் அடைச்சு ஒரே இ.எம்.ஐ. ஆக்கித் தர்றோம்" என்று சொல்லியிருந்தார்கள்.

கணக்கு கவர்ச்சியாகத்தான் இருக்கும். 6,50,000-ஐ 18 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை 16,500. 31,500 கட்டுகிற இடத்தில் பாதி. ஆனால் தவணை தவறத் தொடங்கி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கியவருக்கு 18 சதவீதத்தில் யார் கொடுப்பார்கள்? 26 சதவீதம் என்றால் தவணை 19,500-ஐ நெருங்கும், ஐந்து வருடத்தில் கட்டும் மொத்தம் 11,67,000-க்கு மேல். அது மட்டுமல்ல. 9 அல்லது 10 சதவீதத்தில் ஓடும் கடன் ஏதாவது இருந்தால் அதையும் இழுத்து 26-க்குள் போட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்குவது ஒரு வசதி, அவ்வளவுதான். கந்து வட்டியையும் கார்டையும் மட்டும் அடைக்க, அதைவிடக் குறைந்த வட்டியில் ஒரு சிறு கடன் கிடைத்தால் வாங்கலாம். மற்றதைத் தொடக் கூடாது.

சொந்த வீடு உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்து, கார்டு கடனையும் தனிநபர் கடனையும் அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கார்டு கடனுக்காக வங்கி நேராக வந்து வீட்டைப் பூட்ட முடியாது, கோர்ட்டுக்குப் போய் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்க வேண்டும். பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டால் கதை வேறு. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தைக் கையகப்படுத்தத் தொடங்கலாம். அதை எதிர்த்து மதுரையிலேயே இருக்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் 45 நாளுக்குள் போக வேண்டும். விவசாய நிலத்துக்கு மட்டும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. பிணை இல்லாத கடனை வீட்டின் தலையில் ஏற்றிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

நகை

நம் ஊரில் நகை விற்பது துக்கக் காரியம் மாதிரி. அடகு வைப்போம், மறு அடகு வைப்போம், வட்டி கட்டித் திருப்பி வைப்போம், விற்க மட்டும் மாட்டோம். கடைசியில் மூழ்கிப்போன பிறகு அழுவோம்.

என் கருத்து பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். கந்து வட்டி ஓடுகிற வீட்டில் அடகுக் கடையில் நகை தூங்கக் கூடாது. விற்றுவிட வேண்டும். மாதம் நூற்றுக்குப் பத்து போகிற கடனுக்கு முன்னால், தங்கம் எவ்வளவு ஏறினாலும் ஈடு கொடுக்காது. இந்தக் குடும்பத்தின் மூன்று பவுனை மீட்டு விற்றபோது, அடகுக் கடன் 1,20,000 போகக் கையில் நின்றது 85,000. அதில் 50,000 பத்து வட்டிக்காரருக்கு, 35,000 கார்டுக்கு. ஒரே நாளில் மாதம் 6,800 ரூபாய் வட்டி நின்றது.

அந்த அம்மா சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. அது அவருடைய அம்மா போட்ட நகை. நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தவும் கூடாது. கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர்தான் தெற்கு ஆவணி மூல வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, சேதாரக் கழிவு எவ்வளவு என்று கேட்டு, கடைசிக் கடையில் கொடுத்தார். நாலு கடை ஏறியது நல்ல காரியம். அடகில் இருக்கும் நகையை மீட்டு விற்றுத் தருகிறோம் என்று முன்வருகிறவர்களிடம், எடைக் கழிவையும் தங்கள் கமிஷனையும் முன்கூட்டியே எழுதி வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செய்முறையும் கைமாத்தும்

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் இருக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஒரு விசேஷம் வச்சா என்ன சார்?" என்பதுதான். காதுகுத்து, புதுமனை, பூப்புனித நீராட்டு என்று ஒரு விழா வைத்தால், இத்தனை வருடம் ஊரெல்லாம் செய்த செய்முறை, அதாவது மொய், திரும்பி வரும். வட்டி இல்லாத பணம். மொய் நோட்டில் யார் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று தெளிவாக இருந்து, பெரும்பாலும் நமக்கு வரவேண்டியதாக இருந்தால், இது நல்ல வழிதான். நாம் சேமித்ததை நாம் எடுப்பது போல.

ஆனால் மொய் நோட்டை நேர்மையாகப் புரட்ட வேண்டும். நாம் செய்தது 500, வரப்போவது 1,000 என்றால் அந்த மேல் 500 கடன், அதை அவர் வீட்டு விசேஷத்தில் கூட்டிச் செய்தாக வேண்டும். அது எந்த மாதம் வரும் என்பது நம் கையில் இல்லை. பந்தல், சமையல், மண்டப வாடகை, ஃபிளெக்ஸ் எல்லாம் போக என்ன நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். விசேஷச் செலவுக்கே வட்டிக்கு வாங்கி, வந்த மொய் அந்த வட்டிக்கே போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைமாத்துக்கு ஒரே ஒரு வார்த்தை: மச்சானிடமோ அண்ணனிடமோ வாங்குவதாக இருந்தால், எந்தக் கடனை அடைக்க வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குங்கள், அன்றைக்கே அந்தக் கடனை அடையுங்கள். பொதுச் செலவுக்கென்று வாங்கிய கைமாத்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

செட்டில்மென்ட்

பாக்கியில் பாதியைத் தள்ளுபடி வாங்கித் தருகிறோம் என்று போனில் அழைக்கிறவர்கள் இப்போது நிறைய. தவணை கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை எங்களுக்குக் கட்டணமாகவும் சேமிப்பாகவும் கொடுங்கள், வங்கி தானே இறங்கி வரும் என்பார்கள். அவர்கள் சேமித்துக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில் இங்கே வட்டியும் அபராதமும் ஏறும், வசூலுக்கு ஆள் வீட்டுக்கு வரும், 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும்.

வங்கியோடு சமரசம் செய்துகொள்ள இடைத்தரகர் தேவையே இல்லை. சமரசத் தீர்வுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் ஒரு சட்டகமே வெளியிட்டிருக்கிறது, வங்கிகள் இதற்கென்று கொள்கை வைத்திருக்க வேண்டும். நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் நிலைமையை எழுதி, இவ்வளவுதான் என்னால் புரட்ட முடியும் என்று கிளையில் கொடுக்கலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது அது. கட்டணம் இல்லை, ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணம் இருந்தால் திரும்பக் கிடைக்கும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வருகிற தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே ஒத்துக்கொண்ட தொகையைக் கட்டாமல் விட்டால் அது கோர்ட் டிகிரி மாதிரியே நிறைவேற்றப்படும். ஆகவே கையில் பணம் இருந்தால் மட்டும் தலையாட்டுங்கள்.

சமரசத்துக்கு விலையும் உண்டு. கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாக அடைத்தவர் என்று இருக்காது. அதே வங்கியில் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கிடைக்காது. அடுத்த சில வருடங்களில் வீட்டுக் கடனோ பிள்ளை படிப்புக்குக் கடனோ வாங்கும் எண்ணம் இருந்தால் இது உறுத்தும். வேலை போய், நோய் வந்து, இனி முழுசும் கட்டவே வழியில்லை என்றாகிவிட்டவருக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். வில்லாபுரத்துத் தம்பதிக்கு வருமானம் இருந்தது. அவர்களுக்கு இது வேண்டாம் என்றேன்.

மஞ்சள் நோட்டீஸ்

ஐ.பி. கொடுப்பது, மஞ்சள் நோட்டீஸ் விடுவது என்று நாம் சொல்வது, கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் திவால் கேட்பதைத்தான். மதுரை மாதிரி மாவட்டங்களில் இன்றைக்கும் அது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படிதான் நடக்கிறது. கோர்ட்டில் மனுப் போட வேண்டும், சொத்து இருந்தால் அது கோர்ட் நியமிக்கிறவர் கைக்குப் போகும். அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர் தன் அடமானத்தை விட மாட்டார், லோடு ஆட்டோ போய்விடும். தொழில் நொடித்துப் பல லட்சம் கடன், சொத்தும் இல்லை, வருமானமும் இல்லை என்பவருக்கு அது சட்டம் கொடுக்கிற மரியாதையான வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது வக்கீலோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

கடன் ஆலோசனை என்ன செய்யும்?

இத்தனைக்கும் நடுவில் ஆலோசகர் என்ன செய்கிறார்? பணம் தருவதில்லை. தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாடுகளில் ஆலோசனை அமைப்பே உங்களிடம் மாதம் ஒரு தொகை வாங்கி எல்லாக் கடன்காரருக்கும் பிரித்துக் கட்டுகிற ஏற்பாடு உண்டு. இங்கே அது வழக்கமில்லை. வேறு ஏதோ நடக்கும் என்று நினைத்து வந்து, "வெறும் நோட்டும் பேனாவும்தானா சார்?" என்று ஏமாந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நோட்டில் நடப்பதைச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் எல்லாக் கடனும், ஒன்று விடாமல். பால்காரர் பாக்கி, மளிகைப் பாக்கி உட்பட. இரண்டாம் பக்கத்தில் ஒரு மாத வருமானம், ஒரு மாதச் சாப்பாடு, வாடகை, பள்ளி, மருந்து. மூன்றாம் பக்கத்தில்தான் முக்கியமான வேலை: எதை முதலில் கட்டுவது, எதைக் கட்ட முடியாது என்று வாய்விட்டுச் சொல்வது.

கடன்பட்டவர் வழக்கமாக யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கே முதலில் கட்டுவார். அது மனித இயல்பு. குழுக் கடன் ஆள் வாசலில் உட்கார்ந்தால் அவருக்கு, பத்து வட்டிக்காரர் ஆள் அனுப்பினால் அவருக்கு. சத்தமே போடாத லோடு ஆட்டோ ஃபைனான்ஸ் மூன்று தவணை தவறி ஒருநாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும், அன்றோடு சம்பாத்தியம் நிற்கும். ஆலோசனையில் வரிசை மாறுகிறது. சாப்பாடும் வாடகையும் முதலில். அடுத்து, சம்பாதித்துக் கொடுக்கிற வண்டி. மூன்றாவதாக, அதிக வட்டி ஓடுகிற கடனை நிறுத்துவது. மிச்சம் உள்ளவர்களுக்கு, கட்டக்கூடிய தொகையை எழுத்தில் கேட்டுக் கடிதம்.

அந்தக் கடிதம்தான் ஆலோசனையின் பாதிப் பயன். தனிநபர் கடன் தந்த கம்பெனிக்கு, வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று கணக்கோடு எழுதினோம். 33 மாதம் பாக்கி இருந்ததை 60 மாதமாக்கினார்கள், தவணை 6,400-லிருந்து 4,240 ஆனது. இது இலவசமாகக் கிடைத்த சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். 20 சதவீத வட்டியில் கணக்குப் பார்த்தால் இந்த நீட்டிப்பால் கூடுதலாகப் போவது 45,000-க்கு மேல். மறுசீரமைத்த கடன் என்ற குறிப்பும் கடன் அறிக்கையில் ஏறும். இதை நான் அவர்களிடம் மறைக்கவில்லை. மூச்சு விட இந்த விலை கொடுக்கலாம், பின்னால் கையில் காசு நிற்கும்போது முன்கூட்டியே அடைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். கார்டில் மிச்சம் 37,000-ஐ 18 சதவீதத்தில் 24 மாதத் தவணையாக மாற்றியதில் மாதம் 1,850. கார்டை வெட்டிப் போட்டோம்.

இப்போது கூட்டுங்கள்: வண்டி 9,200, தனிநபர் கடன் 4,240, கார்டு 1,850, குழு 5,500. மொத்தம் 20,790. வாடகையும் போகக் கையில் 10,710. நாலு பேர் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போக இது இறுக்கம்தான். ஆனால் புதுக் கடன் வாங்காமல் ஒரு மாதம் ஓடுகிறது. வருமானத்தில் 85 சதவீதம் கடனுக்குப் போன வீட்டில் இப்போது 56 சதவீதம். குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதியில், குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது வரம்பு. அதற்குக் கிட்டத்தில் வந்தாயிற்று.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நகை விற்றது, காலத்தை நீட்டியது, கார்டைத் தவணையாக்கியது எல்லாமே மேலே பிரித்துப் பேசிய வழிகளோடு ஒட்டியவைதான். ஆலோசனையை மற்ற வழிகளுக்குப் போட்டியாக வைப்பதே தவறு. அது முதலில் வர வேண்டியது. எந்தக் கடனுக்கு எந்த வழி என்று பிரிப்பதற்காக. நேராகச் செட்டில்மென்ட்டுக்கோ பத்திர அடமானத்துக்கோ போனவர், சின்ன மருந்து போதும் என்ற இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மாதிரி.

காலமும் முக்கியம். தவணை ஒன்றோ இரண்டோ தவறிய நிலையில் வருகிறவருக்குக் கேட்கிற சலுகை கிடைக்க வாய்ப்பு அதிகம். 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆன பிறகு வங்கிக்காரர் கையில் இருக்கும் வழிகள் சுருங்கிவிடும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், போனை எடுக்காமல் ஒளிகிறவரைவிட, "கட்ட முடியலை, இதுதான் என் கணக்கு" என்று தாளோடு வந்து நிற்கிறவர் மீது கிளை மேலாளருக்கு வரும் மதிப்பே வேறு.

மிரட்டல் இருந்தால்

கடன் ஆலோசனையில் எண்களைவிடப் பயத்துக்கே அதிக நேரம் போகும். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குழுக் கடன் வசூலில் காலை 9-லிருந்து மாலை 6 வரை மட்டுமே அழைக்கலாம். உறவினருக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் வழி சொல்வார்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் 2003-லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 வரை அபராதம். கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

தூக்கம் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருந்தால் கணக்கெல்லாம் அப்புறம். 14416-க்கு உடனே பேசுங்கள், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். பணம் கொடுத்தவருக்கு உங்கள் உயிர்மேல் எந்த உரிமையும் இல்லை.

கடன் ஆலோசனை எங்கே கிடைக்கும்

ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி, அதாவது அந்த மாவட்டத்தில் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் வங்கி, நிதிசார் கல்வி மையம் நடத்துகிறது. மதுரை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. 2009-ல் ரிசர்வ் வங்கி இந்த மையங்களுக்குத் திட்டம் வகுத்தபோது பெயரிலேயே கடன் ஆலோசனையும் இருந்தது, 2012-ல் நிதிசார் கல்வி மையம் என்று சுருக்கினார்கள். கட்டணம் கிடையாது. எந்த வங்கியில் கடன் இருந்தாலும் போகலாம். ஆலோசகர் பல நாள் கிராம முகாமில் இருப்பார், ஆகவே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: மையம் வங்கியின் நிழலில் இருப்பதால், வங்கிக்கு எதிராகப் புகார் என்றால் சில ஆலோசகர்கள் தயங்குவார்கள். அப்படி உணர்ந்தால் சட்ட உதவிப் பக்கம் போங்கள். ஆலோசனைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்து வட்டியிலிருந்து வெளியே வந்தவர் மறுபடி அதில் விழாமல் இருக்க ஒரு சின்னக் கையிருப்பு வேண்டும். அதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியில் கூலி வேலை பார்த்த சின்னப்பிள்ளை அம்மா, களஞ்சியம் சேமிப்புக் குழுக்களைக் கட்டியெழுப்பியவர். விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ. அவசரத்துக்கு 2,000 ரூபாய் வேண்டுமென்றால் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் தங்கள் குழுவிலேயே எடுத்துக்கொள்வது, அதுதான் அந்தப் பெண்கள் செய்தது. தவணை வசூலுக்காகக் கம்பெனி கூட்டுகிற குழுவும் சேமிப்புக்காகப் பெண்கள் தாங்களே கூடுகிற குழுவும் பெயரில்தான் ஒன்று.

பத்து வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கப் போனபோது அந்தத் தம்பதியோடு நானும் போனேன். 50,000-ஐ எண்ணி வாங்கிக்கொண்டு, "நோட்டு தேடணும், நாளைக்கு வாங்க" என்றார். நாங்கள் நகரவில்லை. கையெழுத்து மட்டும் போட்ட செக்கும் புரோநோட்டும் கைக்கு வராமல் எழுந்தால் கடன் அடைந்ததாக அர்த்தமில்லை. அந்தச் செக் பின்னால் வங்கியில் விழுந்து திரும்பினால் வழக்கு வரும். அரை மணி நேரம் கழித்து இரும்பு பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா புரோநோட்டை வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கணவர் போட்ட கையெழுத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். அங்கேயே நடுவில் கிழித்தார். துண்டுகளை அங்கே போடாமல் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

மாதம் பிறந்து ஏழாம் தேதி வாக்கில் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். கடைசியாக வந்தபோது ஒரு குழுக் கடனில் மூன்று தவணைதான் பாக்கி இருந்தது. அது முடிந்ததும் மிஞ்சும் 2,600-ஐ தனிநபர் கடனில் சேர்த்துக் கட்டலாமா, சேமிப்பில் போடலாமா என்று இருவருக்குள்ளும் வாக்குவாதம். முதல் ஆறு மாதம் சேமிப்பில் போடுங்கள் என்றேன்.